டூலா யார்? பிரசவ அறையில் அவருக்கு என்ன வேலை?

பிரசவ வலி மணிக்கணக்கில் நீடிக்கலாம். மருத்துவர் அவ்வப்போது வந்து பார்ப்பார். தாதி மற்ற தாய்மாரையும் கவனிக்கவேண்டும். கணவருக்கோ பல நேரம் என்ன செய்வதென்றே புரியாது. அப்போது உங்கள் பக்கத்திலேயே இருப்பவர்தான் 'டூலா'.

பழைய கிரேக்க மொழியில் அதற்குப் 'பணிப்பெண்' என்று பொருள். அமெரிக்க மானுடவியலாளர் டேனா ரஃபேல் 1970களில் அந்தச் சொல்லைப் பிரபலப்படுத்தினார்.

என்ன செய்வார்?

• முதுகைத் தேய்த்துவிடுவார். எப்படி மூச்சு விடலாம் என்று சொல்லித்தருவார்.

• நடக்க, உட்கார, திரும்பிப் படுக்கக் கைகொடுப்பார்.

• மருத்துவர் சொன்னது புரியலையா? என்ன கேள்வி கேட்கலாம் என்று எடுத்துச்சொல்வார்.

• கணவருக்கும் வழிகாட்டுவார். அவர் இடத்தைப் பிடித்துக்கொள்ளமாட்டார்.

என்ன செய்யமாட்டார்?

டூலா வேறு, மருத்துவச்சி வேறு. டூலா பிரசவம் பார்க்கமாட்டார், ஊசி போடமாட்டார், உங்களுக்காக முடிவும் எடுக்கக்கூடாது. சிங்கப்பூரில் மருத்துவச்சிகள் தாதிமை வாரியத்தில் பதிவுசெய்திருக்கவேண்டும். டூலாக்களுக்கு அது பொருந்தாது. எனவே நன்கு விசாரித்துத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையிலேயே பலன் உண்டா?

காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் அதிகமான பெண்களின் விவரங்களை ஆராய்ந்தது. பிரசவம் முழுக்க ஒருவர் துணையிருந்தபோது இயல்பான பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நீடித்த நேரமும் சற்றுக் குறைவு என்று அது காட்டியது.

ஆனால் டூலா இருந்தால் சிசேரியனே வராது என்று நினைத்துவிடாதீர்கள். சிசேரியன் தேவைப்பட்டால் அது உங்கள் தோல்வியும் இல்லை. எபிட்யூரல் போட்டுக்கொண்டாலும் டூலா துணையிருக்கலாம்.

அமர்த்துமுன் கேளுங்கள்

• பிரசவ அறைக்குள் எத்தனை பேரை மருத்துவமனை அனுமதிக்கும்? கணவரோடு டூலாவும் வரலாமா?

• எங்கே பயிற்சி பெற்றார்? இதுவரை எத்தனை பிரசவங்களில் உடனிருந்தார்?

• கட்டணம் எவ்வளவு? அதில் எதெல்லாம் அடங்கும்?

• வலி வரும் நாளில் அவரால் வரமுடியாவிட்டால் யார் வருவார்?

டூலாவுக்குச் செலவு செய்ய முடியலையா? கவலை வேண்டாம். தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. அது கணவராகவோ அம்மாவாகவோ தோழியாகவோ இருக்கலாம். யார் வேண்டும் என்பதை வலி வருமுன்பே முடிவுசெய்து, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.