தாலியும் பதிவேடும்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் துரைமாரையும் கங்காணிமாரையும் மறப்பதில்லை, பெண்டிரைத்தான் மறந்துவிடுகின்றனர். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் (பெயரிலேயே தமிழ் மணக்கிறதன்றோ!) தோன்றிய இவ்வட்டாரத்தில், ஆடவருக்கு ஈடாக உழைத்தவர்கள் அவர்கள். எனினும் 1928ஆம் ஆண்டளவில் மலாயாவில் நிர்ணயிக்கப்பெற்ற நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

கூலியைக் காசுக் கணக்கில் வகுத்த அரசு, இல்லறத்தில் அவளுக்கு அரணாக நிற்கவில்லை. இந்து வழக்காற்றின்படி ஒருத்தி இருக்கவே மற்றொருத்தியை மணக்க ஆடவனுக்குத் தடையில்லை. முதல் தாலி ஏறிய சந்நிதியிலேயே இரண்டாம் தாலியும் ஏறலாம். முதல் மனைவி பஞ்சாயத்தில் அழலாம். அதனைக் குற்றமென்று நீதிமன்றத்தில் சொல்ல வழியில்லை.

தாயகத்தில் சென்னை மாகாணம் 1949லேயே இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்தது. மலேசிய நாடாளுமன்றம் 1976இல் நிறைவேற்றிய திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணமே சட்டமாயிற்று. அதற்கு 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆலயங்களுக்கும் அன்று ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆலயத்தைச் சேர்ந்தவர் துணைப் பதிவாளராக நியமனம் பெற்றால், அவர் முன்னிலையில் சந்நிதியில் நிகழும் சடங்கே சட்டப்படியான திருமணமாகும். 1982க்கு முன் முறைப்படி மணந்த மூதாட்டியரிடம் சான்றிதழ் இல்லாதிருக்கலாம். சட்டம் அத்திருமணங்களைப் பதிவானவையாகவே கொள்கிறது. அதன்பின் பதிவாளரின்றித் தாலி மட்டும் ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கு அக்காப்பு இல்லை.