கலைஞர் இல்லத்தில் ஓர் அறை

நேயர்களே, அரங்கிலே சில நாழிகை ஒலிக்கும் இசைக்கு வீட்டிலே பல்லாண்டு நிகழும் உழைப்பே அடிப்படையாகும். அவ்வுழைப்புக்கு இடமும் ஒழுங்கும் வேண்டும் என்பதற்கு ஜேர்மன் நாட்டுப் பியானோக் கலைஞர் கிளாறா சூமன் அம்மையாரின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

1819 ஆம் ஆண்டில் லைப்சிக் நகரிற் பிறந்த இவர், ஒன்பது வயதிலேயே மேடையேறினார். 1840 இல் இசைமேதை றொபேட் சூமனை மணந்தார். இருவரும் கலைஞர்; வீட்டுச் சுவர்களோ மெல்லியவை. கணவர் இசையமைக்கும் வேளையில் மனைவி பியானோவைத் தொடுதல் இயலாதாயிற்று. பயிற்சி குன்றுவதை அம்மையார் நாட்குறிப்பில் வருந்தி எழுதினார். 1852 இல் டுசல்டோர்வ் நகரிற் குடிபுகுந்த வீட்டிலேதான் கணவரின் செவிக்கெட்டாத தனியறை அவருக்கு வாய்த்தது. அடுத்த கோடையில், சில ஆண்டு இடைவெளியின் பின்னர், அவர் மீண்டும் புதிய இசைப் படைப்புகளை இயற்றலானார்.

1854 இல் கணவர் மனநோயுற்று மருத்துவமனை சேர்ந்தார். அவ்வாண்டிற் பிறந்த மகவோடு ஏழு குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு அம்மையாரைச் சார்ந்தது. பிறர் தரும் பொருளை வேண்டாது, அவர் இசைப்பயணம் புறப்பட்டார். மண்டபம் அமர்த்துதல், பியானோ தருவித்தல், நுழைவுச்சீட்டு விற்பனை ஆகியவற்றைப் பெரும்பாலும் தாமே கடிதமெழுதி ஒழுங்கு செய்தார். 1891 வரை மேடையேறிய அவர் பேணிவைத்த நிகழ்ச்சி நிரல்கள் ஏறத்தாழ 1,300, சுவிக்காவு நகரில் இன்றும் உள்ளன.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் பாடவோ ஆடவோ வல்லார் ஒருவர் இருக்கலாம். அவருக்குப் பொன்னாடை போர்த்துமுன், கதவடைத்துப் பயில ஓர் அறையும், கடிதமெழுத ஒரு மேசையும் ஒதுக்கிக் கொடுங்கள்.