ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்பவர் யார்? ரேடியாலஜிஸ்ட் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிகளில் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் அடங்கிய ஒரு பை அநேகமாக இருக்கும். படத்தை எடுத்தவரை நாம் பார்த்திருப்போம், மருந்து எழுதிய டாக்டரையும் பார்த்திருப்போம். அந்தப் படத்தைப் படித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவரைப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டோம். அவர்தான் ரேடியாலஜிஸ்ட், அதாவது கதிரியக்கவியல் மருத்துவர். அவருடைய வேலை என்ன, அது சரியாக நடக்க நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

டெக்னீஷியன் வேறு, ரேடியாலஜிஸ்ட் வேறு

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அறையில் நம்மைப் படுக்க வைத்து, "மூச்சைப் பிடிங்க" என்று சொல்பவர் டெக்னீஷியன். படத்தைத் தெளிவாகவும் பாதுகாப்பாகவும் எடுப்பது அவர் பொறுப்பு. "ஏதாவது இருக்கா தம்பி?" என்று நாம் கேட்டால், "டாக்டர் சொல்லுவாங்க" என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. முடிவு சொல்வது அவர் வேலை அல்ல.

ரேடியாலஜிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர். அதன்பின் மூன்றாண்டு எம்.டி. படிப்பு அல்லது அதற்கு இணையான படிப்பில் இந்தத் துறையைக் கற்றவர். ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுகிறார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைப் பொதுவாக மருத்துவரே நேரில் செய்கிறார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்திக் கட்டியிலிருந்து சதை மாதிரி எடுப்பது, உள்ளே தேங்கிய சீழை வெளியேற்றுவது போன்ற சிகிச்சைகளும் இத்துறையில் உண்டு.

சீட்டில் கேள்வி இருக்க வேண்டும்

ஸ்கேன் என்பது ஒரு கேள்விக்கான பதில். "வயிறு ஸ்கேன்" என்று மட்டும் சீட்டில் இருந்தால் ரேடியாலஜிஸ்ட் பொதுவாகப் பார்த்து எழுதுவார். "மூன்று நாளாக வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், பித்தப்பைக் கல்லா?" என்று இருந்தால் அவர் பார்வை அந்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்கும். ஆகவே எதற்காக இந்த ஸ்கேன் என்று நம் டாக்டரிடமே கேட்டு, அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம்.

பழைய படங்களும் அதே அளவு முக்கியம். ஒருவருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயில் சிறு நிழல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு வந்து குணமான காசநோயின் தழும்பாக இருக்கலாம், புதிதாக வளரும் கட்டியாகவும் இருக்கலாம். நான்கு வருடத்துக்கு முன் எடுத்த படத்தில் அதே நிழல் அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. அந்தப் படம் தொலைந்திருந்தால் சி.டி., ஊசிப் பரிசோதனை என்று அலைச்சலும் செலவும் பயமும் கூடும்.

எந்தப் பரிசோதனை எதற்கு?

எக்ஸ்ரே: 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் ரான்ட்ஜன் கண்டறிந்தது. எலும்பு முறிவுக்கும் நெஞ்சுச் சளி, காசநோய் பார்க்கவும் இன்றும் முதல் பரிசோதனை இதுதான்.

அல்ட்ராசவுண்ட்: ஒலி அலைகளால் பார்ப்பது. கதிர்வீச்சு இல்லை. கர்ப்பம், பித்தப்பைக் கல், சிறுநீரகம், கர்ப்பப்பை போன்றவற்றுக்கு ஏற்றது.

சி.டி.: எக்ஸ்ரே கதிர்களால் உடலைக் குறுக்கு வெட்டாகப் பார்ப்பது. சில நிமிடங்களில் முடியும். விபத்தில் தலைக்காயம், பக்கவாதம், நுரையீரல் நோய்களுக்கு உதவும்.

எம்.ஆர்.ஐ.: காந்தத்தால் இயங்குவது, கதிர்வீச்சு இல்லை. மூளை, தண்டுவடம், மூட்டு ஆகியவற்றைத் துல்லியமாகக் காட்டும். பெரும்பாலும் 20 முதல் 45 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். சத்தம் அதிகம் என்பதால் காதுக்கு அடைப்பான் தருவார்கள். மூடிய இடத்தில் பயம் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாமோகிராம்: மார்பகத்துக்கான எக்ஸ்ரே. கையில் தட்டுப்படாத சிறு கட்டியையும் இதில் காண வாய்ப்பு உண்டு.

விலை கூடிய ஸ்கேன்தான் நல்ல ஸ்கேன் என்பது தவறு. பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்டே முதல் தேர்வு.

கதிர்வீச்சு: எவ்வளவு பயம் நியாயம்?

மண், காற்று, உணவு, வானம் வழியாக ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சு சேர்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே தருவது தோராயமாக 0.1 அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சி.டி. தருவது 8 முதல் 10 வரை. அதாவது எக்ஸ்ரேக்கு அஞ்சி மறுக்கத் தேவையில்லை. தேவையுள்ள சி.டி.யையும் மறுக்கக் கூடாது. ஆனால் பழைய படத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்ததற்காக அதே சி.டி.யை மறுபடி எடுப்பது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தவிர்க்க வேண்டியது.

மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால், கர்ப்பம் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், எக்ஸ்ரே, சி.டி. அறைக்குள் போகும் முன் பெண்கள் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் கேட்டால் கூச்சமாக இருக்கும் என்பவர்கள் தனியாக அழைத்துச் சொல்லலாம்.

போகும் முன் தயாரிப்பு

வயிற்று அல்ட்ராசவுண்டுக்குப் பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு தேவை. அடிவயிறு, கர்ப்பப்பை ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்.

சில சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் நரம்பு வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்துவார்கள். அதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பதுண்டு. சிறுநீரக நோய், ஆஸ்துமா, முன்பு ஊசியில் ஒவ்வாமை ஏற்பட்டது ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவோரும் சொல்ல வேண்டும். அதை நிறுத்துவதா வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு, நாமாக நிறுத்தக் கூடாது. சி.டி.க்கான மருந்து ஏறும்போது உடலெங்கும் சூடு பரவுவது இயல்பு. அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறையில் காந்தம் எப்போதும் இயக்கத்தில்தான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே சென்ற நோயாளியின் உறவினர் உயிரிழந்தார். பேஸ்மேக்கர், தலைக்குள் கிளிப், காதுக்குள் கருவி, உடலில் பிளேட் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் ஹிஜாபில் குத்தும் பின்கள், காந்தப் பின்கள், கொலுசு, கண் மை, சுர்மா ஆகியவற்றை அகற்றிவிட்டே செல்ல வேண்டும். தாயத்து, உலோகத் தகடு அணிந்தவர்கள் எக்ஸ்ரேக்கும் அவற்றைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அவற்றின் நிழல் நோயை மறைத்துவிடும்.

நோன்பும் பர்தாவும்

ரமளானில் வெறும் வயிற்று ஸ்கேனுக்குச் சிரமமில்லை. தண்ணீர் குடிக்க வேண்டிய ஸ்கேன் அவசரமற்றது என்று டாக்டர் சொன்னால் மாலை நேரமோ பெருநாளுக்குப் பின் தேதியோ கேட்கலாம். ஊசி பற்றிய மார்க்கத் தீர்ப்பை முன்கூட்டியே ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக் கசிவா, அடைப்பா என்று சி.டி.தான் பிரித்துக் காட்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு நோற்க மார்க்கம் தந்த சலுகை நாம் அறிந்ததே.

பெண் மருத்துவர், பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால் உடன் ஒரு பெண் இருக்கவும், பரிசோதிக்கும் இடம் தவிர மற்றதை மூடியிருக்கவும் கேட்கலாம்.

கருவில் உள்ளது ஆணா, பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் குழந்தையைப் பாரமாகக் கருதிய அறியாமைக் காலத்தை மாற்றிய மார்க்கம் நம்முடையது. அந்தக் கேள்வி நம் வாயில் வரவே கூடாது.

எங்கே போவது?

கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை உள்ளன. வில்லியனூர் கொம்யூனில் அரியூரிலும், பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்நோயாளி சிகிச்சைக்கானது. புறநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கு அது பொருந்தும் என்று நம்பிச் சென்று ஏமாற வேண்டாம், முன்பே கட்டணத்தைக் கேளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்தபின்

கடைசியில் "இம்ப்ரெஷன்" என்ற தலைப்பில் இருப்பதே முடிவுரை. "கிளினிக்கல் கோரிலேஷன்" என்று எழுதியிருந்தால் நோயாளியின் அறிகுறியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். சாதாரண நீர்க்கட்டி, முதல் நிலை கொழுப்புக் கல்லீரல் போன்றவை பலருக்கும் வரும். செல்போனில் தேடிப் பயந்து இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். அதேபோல் "நார்மல்" என்று வந்தும் வலி தொடர்ந்தால் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு அந்த ஸ்கேன் போதவில்லை என்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஸ்கேன் எழுதிய டாக்டரிடமே திரும்பச் செல்ல வேண்டும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பை வைத்து, படம், சி.டி. தட்டு, அறிக்கை மூன்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். மருந்துச் சீட்டும் ஒவ்வாமைக் குறிப்பும் அதே பையில் இருக்கட்டும். ஓர் ஊர் மருத்துவமனையிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பப்படும்போது நோயாளிக்கு முன் அந்தப் பை வண்டியில் ஏறட்டும்.