மகாராஜாவும் குப்பை வண்டியும்: வகுப்பில் நான் சொன்ன கதைக்கு ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். மதியச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அல்வார் மகாராஜா ஜெய்சிங் லண்டனில் சாதாரண உடையில் ரோல்ஸ் ராய்ஸ் கடைக்குள் போனாராம். யாரோ ஏழை இந்தியன் என்று நினைத்து விற்பனையாளர் விரட்டிவிட்டாராம். மகாராஜா மறுபடி ராஜ உடையில் போய், இருந்த ஆறு கார்களையும் ரொக்கம் கொடுத்து வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து, நகராட்சியில் கொடுத்துக் குப்பை அள்ள விட்டாராம். ரோல்ஸ் ராய்ஸ் மானம் உலகெங்கும் போய், கம்பெனி மன்னிப்புக் கேட்டுத் தந்தி அடித்ததாம். கூடவே, முன் சக்கரத்துக்கு முன்னால் விளக்குமாறு கட்டிய ஒரு பழைய காரின் படம்.

அனுப்பியவன் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பிள்ளை. பெயர் போடவில்லை, விருப்பமிருந்தால் அவனே கீழே வந்து சொல்லட்டும். செய்திக்கு மேலே, "இது நம்ம டீச்சர் அப்பவே கிளாஸ்ல சொன்ன கதை" என்று எழுதியிருந்தான். முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

உண்மைதான், நான்தான் சொன்னேன். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் தோழி ஒருத்தி சொல்லக் கேட்டதை, சுதந்திரப் போராட்டப் பாடம் வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கண் விரியும். வெள்ளைக்காரனை நம் ஆள் மூக்குடைத்த கதை யாருக்குத்தான் பிடிக்காது? சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, அதுவும் நீங்கள் எனக்கே திருப்பி அனுப்பிய பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

கதை நிற்காது பிள்ளைகளே. முதலில், இதை அல்வார் மன்னர் மேல் மட்டும் சொல்வதில்லை. பரத்பூர் மன்னர் என்கிறார்கள், பாட்டியாலா என்கிறார்கள், ஐதராபாத் நிஜாம் என்றும் சொல்கிறார்கள். கார் ஆறு, ஏழு, பத்து என்று ஆளுக்கு ஒரு கணக்கு. ஒரே திருட்டை நான்கு பேர் செய்ததாகச் சாட்சி சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? இரண்டாவது, அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் காரை விற்றதே இல்லை. எஞ்சினும் சேஸிஸும்தான் கம்பெனி வேலை. மேல் உடலை பார்க்கர், ஹூப்பர் போன்ற வண்டிக் கூடு கட்டும் பட்டறைகளில் வாங்குபவர் தம் விருப்பப்படி கட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் லாரி சேஸிஸ் வாங்கி பாடி கட்டுகிறார்களே, அது மாதிரி. மாதக் கணக்கில் ஆகும். கடைக்குள் நுழைந்து "இருக்கிற ஆறையும் கட்டு" என்று சொல்ல அது கத்தரிக்காய் இல்லை. மூன்றாவது அந்தப் படம். சக்கரத்துக்கு முன்னால் கட்டிய விளக்குமாறு ஆணியையும் முள்ளையும் ஓரம் தள்ளி டயரைக் காப்பாற்றும், குப்பையை அள்ளாது. வீடு கூட்டுகிற எனக்கே இது இத்தனை வருடம் உறைக்கவில்லை.

நம் மன்னர்கள் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை ஆசை ஆசையாக வாங்கினார்கள் என்பதுதான் நடந்தது. ஐதராபாத் நிஜாமுக்காக 1912இல் உள்ளே சிம்மாசனம் வைத்த மஞ்சள் நிறக் கார் ஒன்று தயாரானது. இந்திய அரண்மனைகள் அந்தக் கம்பெனிக்கு மிக நல்ல வாடிக்கையாளர்கள். அவர்களை வாசலில் விரட்டுகிற அளவுக்கு அது முட்டாள் கம்பெனி இல்லை.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் தேடப்போன இடத்தில் வேறொரு கதை கிடைத்தது. அதை அன்றே சொல்லாமல் போனோமே என்று இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை.

ரோல்ஸ், ராய்ஸ் என்பவர்கள் இரண்டு ஆட்கள். ராய்ஸைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஹென்றி ராய்ஸ் 1863இல் இங்கிலாந்தில் பீட்டர்பரோ பக்கம் ஆல்வால்ட்டன் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர், ராய்ஸுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்தும் போனார். பையன் லண்டன் தெருவில் செய்தித்தாள் விற்றான். பிறகு தபால் அலுவலகத்தில் தந்தி கொண்டுகொடுக்கும் வேலை. பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டு அளவுக்குத்தான். 1878இல் ஓர் அத்தை ஆண்டுக்கு 20 பவுண்டு கட்டி ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூன்று ஆண்டில் அத்தையிடமும் பணம் தீர்ந்தது, படிப்பும் பாதியில் நின்றது. அதன்பின் லீட்ஸில் ஒரு கருவிப் பட்டறையில் கூலி வேலை, லண்டனில் ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலை, மாலை வகுப்பில் மின்சாரப் பாடம்.

1884இல், 21 வயதில், கையில் இருந்த 20 பவுண்டையும் நண்பர் எர்னஸ்ட் கிளேர்மாண்ட் போட்ட 50 பவுண்டையும் வைத்து மான்செஸ்டர் குக் தெருவில் ஒரு பட்டறை தொடங்கினார். வாசல் மின்மணி, விளக்குக்கான சாமான், பிறகு டைனமோ, பிறகு மின்சார கிரேன் என்று வளர்ந்தது. சோறு தண்ணீர் நினைவே இல்லாமல் வேலை பார்ப்பாராம். பட்டறைப் பையன் பால் டம்ளரோடு பின்னாலேயே சுற்றுவான் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

40 வயதை நெருங்கும்போது டெக்காவில் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஓடிய காரைப் பிரித்துப் பார்த்து, இது சரியில்லை, அது சரியில்லை என்று ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்து, கடைசியில் தானே ஒரு கார் செய்துவிட்டார். 1904 ஏப்ரல் 1ஆம் தேதி அது பட்டறையை விட்டு ஓடியது. முட்டாள்கள் தினம். இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன்.

லேத் பட்டறைக்காரா, நீ கவனி. அன்று பலரும் சேஸிஸை ரிவிட் அடித்து இணைத்தார்கள். ரிவிட் அதிர்வில் தளரும் என்று ராய்ஸ் டேப்பர் போல்ட் போட்டார். துளையையும் டேப்பராகவே சீவி, ஒவ்வொரு போல்ட்டையும் அதற்கான துளையில் கையால் பொருத்துவார்கள். இதை எனக்குப் புரிகிற மாதிரி விளக்க என் தம்பி மகன் ஓர் அரை மணி நேரம் கேரட்டை வைத்துப் படாத பாடு பட்டான். உனக்கு ஒரு வரி போதும்.

இன்னொருவர் சார்லஸ் ரோல்ஸ். பிரபுவின் மகன், ராய்ஸைவிட 14 வயது இளையவர். ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். கார், பலூன், விமானம் எல்லாவற்றிலும் பைத்தியம். அப்பா கொடுத்த பணத்தில் லண்டனில் கார் விற்கும் கடை வைத்திருந்தார். விற்றதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுக் கார்கள், அது அவருக்கு மனக்குறை. இருவரையும் தெரிந்த ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவர் 1904 மே 4ஆம் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரையும் சந்திக்க வைத்தார். இரண்டு சிலிண்டர் வண்டி என்றாலே உதறும் என்று நினைத்துப் போன ரோல்ஸ், ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு மனம் மாறினார். நீங்கள் செய்வதையெல்லாம் நான் விற்கிறேன், பெயர் ரோல்ஸ் ராய்ஸ் என்று ஒப்பந்தம். 1906 மார்ச்சில் கம்பெனி பதிவானது.

செய்தவன் பெயர் பின்னால், விற்றவன் பெயர் முன்னால். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வருகைப் பதிவேடு ஞாபகம் வந்தது. ஆங்கில எழுத்து வரிசையில் போட்டாலும் ரோல்ஸ்தான் முன்னால் வருவார். அதனால் விட்டுவிட்டேன்.

பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது 40/50 என்ற ஆறு சிலிண்டர் கார். ஆறு சிலிண்டருக்கு கிராங்க் ஷாப்ட் நீளமாக வேண்டும், நீளமானால் முறுக்கிக்கொண்டு அதிரும். அன்றைய பல கம்பெனிகளுக்கு அது தலைவலி. ராய்ஸ் ஷாப்ட்டைத் தடிமனாகச் செய்து ஏழு பேரிங்கில் உட்கார வைத்தார். கம்பெனியை நிர்வகித்த கிளாட் ஜான்சன் கெட்டிக்காரர். 1907இல் ஒரு காருக்கு வெள்ளி நிறம் பூசி, சில்வர் கோஸ்ட் என்று பெயர்த் தகடு மாட்டினார். வெள்ளிப் பேய், அவ்வளவு சத்தமில்லாமல் போகுமாம். அதை மேற்பார்வையாளர்கள் முன்னிலையில் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 629ஆவது மைலில் பெட்ரோல் குழாய்த் திருகு ஆடி ஆடித் தானாக மூடிக்கொண்டதில் வண்டி நின்றது. திறந்துவிட ஒரு நிமிடம். அதன்பின் 14,371 மைல் பழுதென்று எங்கும் நிற்கவில்லை. அன்றைய சாலைகளையும் டயர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். 15,000 மைல் முடிந்ததும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி அளந்து பார்த்தார்கள். புதிது போல ஆக்கத் தேவைப்பட்ட உதிரிபாகங்களின் விலை 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ்.

என் மகாராஜா கதையில் ஒரு தேதி கிடையாது, ஒரு சாட்சி கிடையாது. இதில் பென்ஸ் வரைக்கும் கணக்கு இருக்கிறது.

அந்தக் கம்பெனி மேல் இன்னும் எத்தனையோ கட்டுக்கதை. ராய்ஸ் இறந்த துக்கத்தில்தான் சின்னத்தில் இருந்த சிவப்பு எழுத்தைக் கறுப்பாக்கினார்கள் என்பார்கள். இரண்டும் நடந்தது 1933தான், ஆனால் அந்த முடிவு அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்தது. மலைப்பாதையில் கார் நின்றதாம், கம்பெனி ஆள் பறந்து வந்து சரி செய்தாராம், பில் கேட்டால் "எங்கள் கார் பழுதாவதில்லையே" என்று பதில் வந்ததாம். இதுவும் நம் குப்பை வண்டிக் கதைக்கு அண்ணன் முறைதான். 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய புகழ்பெற்ற விளம்பரம் மட்டும் வேறு ரகம். 60 மைல் வேகத்தில் போகும்போது காருக்குள் பெரிய சத்தம் கடிகாரச் சத்தம்தான் என்று தலைப்பு. அந்த வரி அவர் கற்பனை இல்லை, ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னது. விளம்பரத்திலேயே அதைக் குறிப்பிட்டும் இருந்தார்.

காரின் மூக்கில் பறக்கிற மாதிரி நிற்கும் பெண் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1911இல் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி செய்தது. அதற்கு மாதிரியாக நின்றவர் எலினார் தார்ன்டன் என்று சொல்வார்கள். மாண்டேகு பிரபுவின் செயலாளராக இருந்தவர். 1915 டிசம்பர் 30ஆம் தேதி அந்தப் பிரபுவுடன் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, பெர்ஷியா என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி கிரீட் தீவுப் பக்கம் மூழ்கடித்தது. பிரபு பிழைத்தார், அந்தப் பெண் பிழைக்கவில்லை. இனி அந்தச் சிலையைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

ரோல்ஸ் அதற்கு முன்பே போய்விட்டார். 1910 ஜூனில் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் இறங்காமல் போய்த் திரும்பி வந்த முதல் ஆள் அவர். அடுத்த மாதமே, ஜூலை 12ஆம் தேதி, போர்ன்மத் விமானக் காட்சியில் விழுந்து இறந்தார். வயது 32. ராய்ஸும் அடுத்த ஆண்டு கடுமையாக நோயில் விழுந்தார். அதன்பின் டார்பி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அவர் வாழவில்லை. குளிர்காலத்தில் தெற்கு பிரான்ஸ், பிறகு இங்கிலாந்தின் தென்கரையில் வெஸ்ட் விட்டரிங் கிராமம். வரைபடங்களும் திருத்தங்களும் தபாலில் போய் வந்தன. இருபது வருடம் அப்படியே ஓட்டினார். விமான எஞ்சின் பக்கம் கம்பெனி திரும்பியதும் அந்தக் காலத்தில்தான். ஸ்பிட்ஃபயர் விமானத்தை ஓட்டிய மெர்லின் எஞ்சின் வேலை அவர் கடைசிக் காலத்தில் தொடங்கியது, முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1930இல் அவருக்கு சர் பட்டம் வந்தது. தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டவர்.

பிற்பாடு நடந்தது தலைசுற்றும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.பி. 211 என்ற விமான எஞ்சினில் பணம் கரைந்து, 1971 பிப்ரவரியில் ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. அரசாங்கமே எடுத்துக்கொண்டது. காரும் விமான எஞ்சினும் தனித்தனிக் கம்பெனி ஆயின. 1998இல் கார்த் தொழிற்சாலையை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் 430 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. கட்டடம், இயந்திரம், அந்தப் பெண் சிலை, பென்ட்லி கார் எல்லாம் கிடைத்தது, ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் கிடைக்கவில்லை. பெயர் விமான எஞ்சின் கம்பெனியிடம் இருந்தது. அதை பி.எம்.டபிள்யூ. 40 மில்லியனுக்கு வாங்கிவிட்டது. கல்யாண மண்டபத்தை ஒருவரும் பெண்ணை இன்னொருவரும் கொண்டுபோன கதை! 2003 முதல் பி.எம்.டபிள்யூ.தான் அந்தக் காரைச் செய்கிறது. இடம் குட்வுட். ராய்ஸ் இறந்த வெஸ்ட் விட்டரிங்கிலிருந்து அதிக தூரமில்லை. அவருடைய அஸ்தி பிறந்த ஊர் ஆல்வால்ட்டன் தேவாலயத்தில் இருக்கிறது.

லேத் பட்டறைக்காரா, எட்டாம் வகுப்போடு நீ நின்றபோது உன் அப்பாவிடம் வந்து பேசினேன், ஞாபகம் இருக்கும். நடக்கவில்லை. பெஞ்சுக்கடியில் எப்போதும் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தாய் என்று உன் கையில் அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. பிடுங்கிய அந்த டார்ச் லைட்டை வருடக் கடைசியில் உனக்குத் திருப்பிக் கொடுத்தேனா என்பதுதான் ஞாபகமில்லை. மகாராஜா கதைக்குப் பதில் உனக்கு ராய்ஸ் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கே தெரியாதப்பா.

குழுவில் போட்ட அந்தச் செய்தியை எடுத்துவிடு. அல்லது இதையும் கூடவே போடு. மற்றவர்களுக்கு: திப்பு சுல்தான், காமராஜர், ராமானுஜன் என்று யாரைப் பற்றியாவது நான் வகுப்பில் சொன்ன கதை உங்களுக்கு ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொல்கிறேன். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.