கண்ணகி ஏறிய குன்றும் செங்குட்டுவன் எடுத்த கோட்டமும்

இடுக்கி மாவட்டக் குமுளிக்கு மேலே, ஏறத்தாழ 1337 மீட்டர் உயரத்தில் நிற்கும் மங்கலதேவி கோயிலைச் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் எனச் சுட்டுவது வழக்கம். 1963இல் புலவர் சி. கோவிந்தராசனார் இங்கு வந்து ஆய்ந்தபின் இக்கருத்து வலுப்பெற்றது. இதில் இரு செய்திகள் கலந்துள்ளன.

மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையைப் பற்றி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை நிழலில் நின்று, 14 நாள் கழிந்தபின் கோவலனோடு வானூர்தி ஏறினாள் என்கிறது சிலப்பதிகாரம். கம்பம் பள்ளத்தாக்கை அறிந்தவர் இவ்வழியை எளிதில் மறுக்கமாட்டார். மதுரையிலிருந்து ஆற்றை எதிர்த்து நடந்தால் சேருமிடம் இம்மலைத்தொடரே.

கோயிற்செய்தி வேறு. இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீர்ப்படுத்திய கல்லோடு அரசன் மீண்டது மதில் சூழ்ந்த வஞ்சி மாநகருக்கு. கோயில் குன்றின்மேல் எழுந்ததாகக் காப்பியம் வெளிப்படக் கூறவில்லை. அவ்வஞ்சி கொடுங்கல்லூரா கரூரா என்பதோ தீராத வழக்கு; கொடுங்கல்லூர்ப் பகவதியையே கண்ணகியாகக் கொள்வோரும் உளர். மங்கலதேவியில் இன்றுள்ள கற்றளி இடைக்காலத்தது. குன்றக்குறவர் கண்ட காட்சியின் நினைவை அது தாங்கியிருக்கலாம். செங்குட்டுவன் கைவேலை ஆகாது.

சித்திரை முழுநிலவன்று மட்டும் குமுளியிலிருந்து ஜீப்பிலும், கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் அடியார்கள் அங்கு ஏறுகின்றனர்.