நாய்க்கு உரியவர் யார்?

2015 செப்டம்பர் மாதம். பினாங்கு மக்கள் பல ஆண்டுகளாக மறந்திருந்த ஒரு சொல் மீண்டும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. வெறிநாய் நோய்! அவ்வாண்டு ஜூலையில் பெர்லிசில் தலைகாட்டிய நோய், கெடாவைக் கடந்து பினாங்குக்கும் வந்து சேர்ந்தது. அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் தலைமையிலான மாநில அரசு தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல முடிவு செய்தது. விலங்கு நல அமைப்புகள் கொதித்து எழுந்தன. மனித உயிர் பெரிதா, நாயின் உயிர் பெரிதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது.

அந்த வாதத்தின் நடுவே ஒரு சிறிய கேள்வி ஒதுங்கி நின்றது. இந்த நாய்க்கு உரியவர் யார்? வேலி தாண்டி ஓடிவந்த வளர்ப்பு நாயும் தெருவில் பிறந்த நாயும் பார்வைக்கு ஒன்றுதான். உரியவர் இருப்பதற்கு அடையாளம் இருந்தால் வீடு திரும்பலாம். இல்லையென்றால்?

இந்தக் கேள்வி புதிதன்று. 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல ஆங்கிலேய ஆட்சி ஆணையிட்டது. கொல்லப்படும் நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலியும் தரப்பட்டது. கூலிக்கு ஆசைப்பட்டவர்கள் தெருநாய், வீட்டு நாய் என்று பார்க்கவில்லை. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கடைகளை அடைத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். எந்த நாய் யாருடையது என்று அடையாளம் காண வழியில்லாத ஊரில் ஆணை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

1885இல் பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டு உயிர் காத்தார். 1907இல் தமிழகத்தின் குன்னூரில் பாஸ்டர் ஆய்வுக்கழகம் தோன்றியது. கடிபட்ட மனிதனுக்கு வழி பிறந்தது. நாய்களைப் பெருந்தொகையில் காப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

மலாயாவில் அதற்குரிய ஆண்டு 1952. கோலாலம்பூரில் நோய் பரவியபோது நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது. உரியவர் இல்லாத நாய்கள் அகற்றப்பட்டன. பின்னர் 1950களின் நடுவில், தாய்லாந்து எல்லையோரம் 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு தடுப்பு வளையம் அமைக்கப்பட்டது. அந்த வளையத்துக்குள் இருக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, நோய் தெற்கே இறங்காமல் காப்பதே நோக்கம். அந்த உழைப்பின் பயனாக 2012இல் மலேசியா வெறிநாய் நோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அந்தப் பெயர் போயிற்று. 2017இல் சரவாக்கில் பரவிய நோய் மனித உயிர்களையும் பறித்தது.

தடுப்பூசி போட்டால் மட்டும் போதுமா? எந்த நாய்க்குப் போட்டோம், அது யார் வீட்டு நாய் என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் ஊராட்சி மன்றங்கள் நாய்க்கு உரிமம் கொடுத்து, கழுத்துப் பட்டையில் மாட்ட வில்லையும் கொடுத்தன. ஆனால் பட்டை அறுந்து போகும். வில்லை கழன்று விழும். திருடியவன் கழற்றி எறிந்துவிடுவான். வில்லை போனால் அந்த நாய் தெருநாய்தான்.

இந்தக் குறையைப் போக்க வந்ததே மைக்ரோசிப். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குப்பி அது. நீளம் சுமார் 12 மில்லிமீட்டர். கால்நடை மருத்துவர் அதை ஊசிவழி நாயின் தோள்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் செலுத்துவார். அதில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகில் கொண்டு போனால், கருவி அனுப்பும் அலையின் சக்தியிலேயே விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். 1996இல் வகுக்கப்பட்ட அனைத்துலகத் தரத்தின்படி அது 15 இலக்க எண். நாய் எங்கே திரிகிறது என்று அது காட்டாது. பலர் அப்படி நினைத்து ஏமாறுகிறார்கள்.

சிங்கப்பூர் 2007 முதல் நாய்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல், எட்டு வாரம் நிறைந்த குட்டிக்கே கட்டாயம். சென்னை மாநகராட்சியும் 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் வலியுறுத்தியது.

இத்தனைக்கும் பிறகு ஓர் உண்மை உண்டு. சிப்புக்குத் தெரிந்தது எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் பெயரும் தொலைபேசியும் இருந்தால்தான் பயன். அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. வழிதவறி வந்த நாய்களில் மொத்தத்தில் சுமார் 22 விழுக்காடு மட்டுமே உரியவரிடம் திரும்பின. சிப் உள்ள நாய்களில் 52 விழுக்காடு திரும்பின. அப்படியானால் மீதி 48? உரியவரைக் கண்டுபிடிக்க முடியாததற்கு முதற்காரணம், பதிவேட்டில் இருந்த தொலைபேசி எண் தவறானதாகவோ துண்டிக்கப்பட்டதாகவோ இருந்ததுதான். கருவி தன் வேலையைச் செய்தது. மனிதன் தன் வேலையைச் செய்யவில்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு குடும்பம் ஆசையாய்க் குட்டி வாங்குகிறது. ஆறு மாதத்தில் வீடு மாறுகிறது. அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. உறவினர் வீட்டுக்குக் கைமாறுகிறது குட்டி. பதிவேட்டில் பழைய பெயரே கிடக்கிறது. நாளை அது வழிதவறினால், ஜெலுத்தோங்கில் உள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தில் சேர்ந்தாலும், எண்ணைப் படித்தவர் யாரை அழைப்பார்?

1832இல் பம்பாயிலும் 2015இல் பினாங்கிலும் எழுந்த கேள்வி ஒன்றே. அந்த நாய்க்காக முன்வந்து, ‘இது என்னுடையது, இதன் தடுப்பூசிக்கும் இதன் கடிக்கும் நானே பொறுப்பு’ என்று சொல்ல ஓர் ஆள் உண்டா? மாநகர் மன்ற உரிமம், ஆண்டுத் தடுப்பூசி, சரியான முகவரியோடு ஒரு சிப் ஆகிய மூன்றும் அந்தச் சொல்லுக்கு எழுத்துச் சாட்சி. நாய் நன்றியுள்ளது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த நன்றிக்கு மனிதன் திருப்பிக் கொடுக்கக் கூடியது, பதிவேட்டில் தன் பெயரை ஒழுங்காக எழுதி வைப்பதுதான்.