கண்டவர் மாணவி, பரிசு ஆசிரியருக்கு

பல்கலைக் கழகம் என்றதும் பேராசிரியர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்களுடைய ஆய்வுக்கூடங்களில் இரவு பகலாக அளந்து, குறித்து, கணக்கிட்டு நிற்கும் ஆராய்ச்சி மாணவர்களையோ வரலாறு அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளப்பட்ட மாணவி ஒருவரின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து இயற்பியல் துறைக்குக் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் என்று பெயர். பிற பல்கலைக் கழகங்களில் பட்டம் பெற்றவர்களும் அங்கே ஆராய்ச்சி மாணவராகலாம் என்ற விதி 1895-இல் வந்தது. அவ்வாண்டே நியூசிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர், பின்னாளில் அணுக்கருவைக் கண்ட ரூதர்போர்டு. கதவு திறந்ததால் அறிவு வளர்ந்தது. ஆனால் அந்தப் பல்கலைக் கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க இசைந்தது எப்போது தெரியுமா? 1948-இல்!

ஜோஸ்லின் பெல் 1943-இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் பையன்களை அறிவியலுக்கும் பெண்களைச் சமையற்கலைக்கும் பிரித்து அனுப்பினர். பெற்றோர் எதிர்த்து நின்றதால்தான் அவர் அறிவியல் வகுப்பில் அமர முடிந்தது. பதினோரு வயதில் எழுதும் தேர்விலோ அவருக்குத் தோல்வி. (விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களாகிய நாம் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.) கிளாஸ்கோ பல்கலைக் கழகத்து இயற்பியல் வகுப்பில் அவர் ஒருவரே பெண். உள்ளே நுழையும்போதெல்லாம் மாணவர்கள் சீழ்க்கையடித்தனர், தரையை உதைத்தனர். அதையும் தாங்கிப் பட்டம் பெற்று, 1965-இல் கேம்பிரிட்ஜ் வந்தார்.

அங்கே முதல் இரண்டு ஆண்டுகள் கையில் ஏந்தியது சம்மட்டி! ஆசிரியர் ஆண்டனி ஹூவிஷ் வகுத்த திட்டப்படி, நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களை நட்டு, கம்பிகளை இழுத்துக் கட்டி, சக மாணவர்களோடு ரேடியோ தொலைநோக்கியை எழுப்பினார். 1967 ஜூலையில் அது இயங்கத் தொடங்கியது. நாள்தோறும் ஏறத்தாழ 100 அடி நீளத் தாளில் கோடுகள் வரைந்து தள்ளும்; அத்தனையையும் பெல் தம் கண்ணால் படிக்கவேண்டும்.

ஆகஸ்டில், கால் அங்குல அகலமே உள்ள ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. வேறொருவர் குப்பை என்று கடந்திருப்பார். பெல் பழைய தாள்களைப் புரட்டினார். அது கடிகாரப்படி வராமல், விண்மீன்கள் எழுவதுபோல நாளுக்கு 4 நிமிடம் முந்தி வந்தது! நவம்பர் 28-இல் தாளை விரைவாக ஓடவிட்டுப் பார்த்தபோது, 1.33 வினாடிக்கு ஒரு துடிப்பு, தப்பாமல். மனிதர் எழுப்பும் அலையாகத்தான் இருக்கும் என்றார் ஆசிரியர். வேற்றுலகத்தாரோ என்ற பேச்சும் பாதி வேடிக்கையாக எழுந்து, 'சிறு பச்சை மனிதர்' என்று அதற்குப் பெயரிட்டனர். நம் நாட்டில் என்றால் அதற்குள் தலபுராணம் எழுதி, உண்டியலும் வைத்திருப்பர்! பெல்லோ மேலும் தேடினார். டிசம்பர் 21 இரவு, வானின் வேறொரு பகுதியில் இரண்டாவது துடிப்பைக் கண்டார். இரு வேறு மூலைகளிலிருந்து இரு கூட்டத்தார் ஒரே வேளையில், ஒரே வகையில் நம்மை அழைப்பார்களா? பச்சை மனிதர் கதை அன்றே முடிந்தது. அவை விரைந்து சுழலும் நியூட்ரான் விண்மீன்கள்: கதிரவனை விஞ்சிய பொருண்மை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள்!

1968 பிப்ரவரியில் வெளிவந்த கட்டுரையில் ஐந்து பெயர்கள். ஹூவிஷ் முதலில், பெல் இரண்டாவது. பத்திரிகையாளர்கள் அறிவியலை ஆசிரியரிடம் கேட்டனர்; மாணவியிடமோ ஆண் நண்பர் எத்தனை பேர் என்று கேட்டனர். டாக்டர் பட்ட ஆய்வேட்டில்கூட, முன்பே குறித்த தலைப்பு வேறு என்பதால், இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிற்சேர்க்கையில்தான் இடம்.

1974-இல் நோபல் பரிசு ஹூவிஷுக்கும், அத்துறைத் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. வானியலறிஞர் பிரெட் ஹோயில் வெளிப்படையாகக் கண்டித்தார். ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கொடுத்தால் பரிசின் மதிப்புக் குறையும் என்று 1977-இல் பெல்லே சொன்னார். தொலைநோக்கியை வகுத்தவர் ஹூவிஷ் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் பெல்லின் பெருந்தன்மை வேறு, நியாயம் வேறு. அதே 1974-இல் அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸ், மற்றொரு விண்மீனோடு இணைந்து சுற்றும் துடிப்பு விண்மீனைக் கண்டார். 1993-இல் அவருக்கும் ஆசிரியர் ஜோசப் டெய்லருக்கும் சேர்த்தே நோபல் பரிசு தந்தனர். பரிசின் மதிப்பு எங்கே குறைந்தது?

2018-இல் பெல்லுக்குச் சிறப்புப் பரிசாக 30 இலட்சம் டாலர் கிடைத்தது. முழுத்தொகையையும் அவர் இயற்பியல் கழகத்திடம் ஒப்படைத்தார். பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் போன்றோர் இயற்பியலில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்ய அந்நிதியிலிருந்து உதவித்தொகை வழங்குகிறார்கள்.